அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் ஏற்கெனவே ஒரு யூத காசநோய் மருத்துவமனை இருந்தபோது, 1904-இல் இரண்டாவது எதற்கு?

சுருக்கமாகச் சொன்னால், முதலாவதில் பலருக்கு இடம் கிடைக்கவில்லை.

1899-இல் திறந்த நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனையில் சிகிச்சை முழுக்க இலவசம். அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் வசதியான, ஜெர்மன் வழிவந்த யூதர்கள். ஆனால் ஆரம்பக் கட்ட நோயாளிகளைத்தான் சேர்த்தார்கள். தங்குவதற்கும் கால வரம்பு. யூத மத விதிப்படியான கோஷர் சமையலும் கிடையாது.

நியூயார்க்கின் காற்றில்லாத தையல் கூடங்களில் குனிந்தே கிடந்த கிழக்கு ஐரோப்பிய யூதத் தொழிலாளி, கூலி போய்விடுமே என்று இருமலை மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பான். கொலராடோவின் வறண்ட மலைக்காற்றை நம்பி ரயில் ஏறும்போது நோய் முற்றியிருக்கும். வந்த இடத்தில் கதவும் மூடியிருந்தால்?

அதனால்தான் அங்கிருந்த புலம்பெயர்ந்த தொழிலாளிகளே சில்லறை சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார்கள்: ஜூயிஷ் கன்சம்ப்டிவ்ஸ் ரிலீஃப் சொசைட்டி, அதாவது யூத காசநோயாளிகள் நிவாரணச் சங்கம். அதன் உயிர்நாடி, ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த டாக்டர் சார்லஸ் ஸ்பிவாக். இந்தச் சங்கத்தின் மருத்துவமனையில் முற்றிய நோயாளியையும் சேர்த்தார்கள். சமையல் கோஷர். பேச்சு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ்.

தொடக்கத்தில் படுக்கை மரச்சட்டம் போட்ட கூடாரங்களில்தான். குளிர்காலத்திலும் காற்று புக வேண்டும் என்பது வைத்தியம்! மற்றபடி ஓய்வு, பால், முட்டை. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில்தானே.

'தர்மம்' என்ற சொல்லை மட்டும் நான் இங்கே தவிர்ப்பேன். எங்கள் ஆளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்ற ரோஷம் அது. இத்திஷ் கவிஞர் எச். லெய்விக்கும் 1930-களில் அங்கே சிகிச்சை பெற்றவர்தான்.