நியூ டான் கொடி ரோஜா: கேள்வி பதில்

வரலாறு, வகைப்பாடு பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். உரம், மருந்து பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி): ஐயா, நியூ டானை உருவாக்கியது யார்?

யாரும் உருவாக்கவில்லை, தானாக வந்தது. அதன் தாய்ச்செடிக்குத்தான் ஆள் உண்டு. அமெரிக்காவின் வால்டர் வான் ஃப்ளீட் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுச் செடி வளர்ப்பில் இறங்கியவர். கிழக்காசியாவில் தரையோடு படரும் விச்சுரானா ரோஜாவை சஃப்ரானோ என்ற டீ ரோஜாவோடு கலந்தார். அதில் வந்த செடியை மறுபடி ஹைப்ரிட் டீ என்ற நவீன ரோஜா வகையில் ஒன்றோடு கலந்தார். கிடைத்த கொடிக்கு அவர் நினைத்த பெயர் டேபிரேக். பீட்டர் ஹெண்டர்சன் நிறுவனமோ 1910இல் அதை 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்று அவர் பெயரிலேயே விற்றது. வெளிர் இளஞ்சிவப்புப் பூ, பளபளக்கும் இலை, பனியைத் தாங்கும் உடம்பு. ஆனால் பூப்பது வருடத்துக்கு ஒரு தடவைதான்.

அந்த ரகத்தில் ஒரு செடி மட்டும் சீசன் முடிந்த பிறகும் விடாமல் பூத்தது. இப்படித் தானாக வரும் மாற்றத்தை ஸ்போர்ட் என்போம். அதைப் பெருக்கி 1930இல் விற்பனைக்கு விட்டார்கள், அதுதான் நியூ டான். 1931 ஆகஸ்ட் 18இல் நியூஜெர்சியைச் சேர்ந்த ஹென்றி போசன்பெர்க் பெயரில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு செடிக்குத் தரப்பட்ட முதல் காப்புரிமை இதுவே.

கேள்வி (ஊட்டி): அப்படியானால் பதியம் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?

வராது. 17 வருடக் காப்புரிமை 1948லேயே முடிந்துவிட்டது. தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): என் நியூ டான் வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். உங்களுக்கு வந்தது தாய் ரகமான 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' ஆக இருக்கலாம், பூ இரண்டிலும் ஒன்றுதான். செடி தாயின் குணத்துக்கே திரும்பியிருக்கலாம், ஸ்போர்ட்டில் அதுவும் நடக்கும். மூன்றாவதுதான் நான் ஓயாமல் சொல்வது: ஒட்டுச்செடி என்றால், ஒட்டுக்குக் கீழே வந்த தளிர் மேலேறி அசல் செடியை அமுக்கியிருக்கலாம். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சிறு செதில் சீப்புப் பல் போலக் கிழிந்திருந்தால் அது மல்டிஃபுளோரா, அதாவது ஒட்டுக்கு வேர்ப்பகுதியாக வைக்கும் காட்டு ரோஜா. வேரோடு சேரும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மேலோடு வெட்டினால் இன்னும் நாலு வரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இதைப் பழைய ரோஜா வகையில் சேர்க்கலாமா?

கூடாது. அமெரிக்க ரோஜா சங்கம் 1867ஐ எல்லையாக வைத்திருக்கிறது, முதல் ஹைப்ரிட் டீயாகச் சொல்லப்படும் லா ஃபிரான்ஸ் வந்த வருடம் அது. அதற்கு முன்பே இருந்த வகைகள்தான் பழைய தோட்ட ரோஜாக்கள். நியூ டானை 'பெரும்பூக் கிளைம்பர்' (பெரிய பூ பூக்கும் ஏறுகொடி) என்ற நவீன வகுப்பில் வைத்திருக்கிறார்கள்.

மறுகேள்வி (அதே நண்பர்): நூறு வயதை நெருங்குகிற செடி பாரம்பரியம் இல்லையா? தாய் காட்டு ரோஜா வம்சம்தானே?

பாரம்பரியம் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது மரியாதை. வகுப்பு என்பது வேறு கணக்கு. 1867 வரம்பு செடியின் வயதைப் பார்ப்பதில்லை, அது சேர்ந்த வகை எப்போது பிறந்தது என்று பார்க்கிறது. விச்சுரானா கலப்புகளே 1890களில்தான் வந்தன.

இடையில் ஒருவர் (கோவை): அப்படியானால் தாய் ராம்ப்ளர், பிள்ளை கிளைம்பரா? ஒரே செடிக்கு இரண்டு வகுப்பா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ராம்ப்ளர் என்றால் வளையும் நீள்கொடி, சின்னப் பூக்களின் கொத்து, ஒரே பருவம். கிளைம்பர் என்றால் விறைத்த தண்டு, பெரிய பூ, பெரும்பாலும் திரும்பத் திரும்பப் பூப்பது. தாய்ச்செடி வான் ஃப்ளீட்டின் பூ ராம்ப்ளருக்குப் பெரிது, பூக்கும் பழக்கமோ ராம்ப்ளருடையது. அதனால் அதை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். நியூ டானில் மாறியது பூக்கும் பழக்கம் ஒன்றுதான், அந்த ஒன்றே அதைக் கிளைம்பர் பக்கம் உறுதியாகத் தள்ளிவிட்டது. தோட்டக்கார வகுப்பு செடியின் நடத்தையைப் பார்க்கிறது, வம்சம் தாவரவியலின் வேலை. உதாரணமாக, விச்சுரானா பூவின் நடுவே சூலகத்தண்டுகள் (மகரந்தம் ஏற்கும் காம்புகள்) தனித்தனியாக நிற்காமல் ஒட்டி ஒரே தூணாக எழும். அந்தத் தூணை வைத்துத்தான் அதற்கும் மல்டிஃபுளோராவுக்கும் ஒரே பிரிவு. இரண்டு கணக்கையும் கலந்தால் இந்தச் சண்டை தீராது.

கேள்வி (வின்னிபெக்): இங்கே குளிரில் பிழைக்குமா?

மைனஸ் 25 வரை நம்பலாம். உங்கள் ஊருக்கு அது போதாது. கனடா அரசு ஆய்வாளர் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா உருவாக்கி 1983இல் வெளிவந்த வில்லியம் பாஃபின் என்ற கொடி ரோஜாவை வையுங்கள். அதன் மூதாதையான கோர்டெசி என்ற கலப்பு ரோஜா வழியிலும் விச்சுரானா ரத்தம் உண்டு.

கேள்வி (சென்னை): மாடித் தொட்டியில் வரும் வழி?

சமவெளி வெயில் என் துறை இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழக மலரியல் துறையைக் கேளுங்கள்.

கேள்வி (குன்னூர்): ஒரு தடவைதான் பூக்கிறது, என்ன செய்ய?

கொடைக்கானல் பதிலைப் படியுங்கள். முதலில் ஒட்டுக்குக் கீழே பாருங்கள்.

கேள்வி (ஏற்காடு): விதை போட்டால் அதே செடி வருமா?

வராது, வேறு செடி வரும். மகரந்தம் மாற்றி வளர்த்த பிள்ளைகளில்தான் 1949இல் அலோஹா என்ற ரோஜா கிடைத்தது: குட்டையான கொடி, இதழ் அடர்ந்த பூ, நியூ டானைவிட நல்ல வாசனை. நியூ டானே வேண்டும் என்றால் தண்டு வெட்டிப் பதியம் போடுவதுதான் வழி.