சம்பளத்தோடு ஆசிரியர் பயிற்சி: கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்காவில் வளர்ந்த மகள் ஐ.டி. பக்கம் போகாமல் கணக்கு டீச்சராக வேண்டும் என்கிறாள், நீங்களோ தயங்குகிறீர்கள். கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு அங்கே பல மாநிலங்களில் ஆள் தட்டுப்பாடு. ஆகவே வேலை கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். பயிற்சிக்காலச் செலவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

வழக்கமான பாதையில் கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர் சம்பளமில்லாமல் வகுப்பில் நிற்க வேண்டும். வாடகை கட்டியாக வேண்டிய வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவரில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர். ஆசிரியரிலோ, 2020-21 கணக்குப்படி, 80 சதவீதம் வெள்ளையர், ஆசியர் வெறும் 2 சதவீதம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலைக்கு வரவேண்டுமென்றால் பயிற்சிக்கும் கூலி வேண்டும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரெசிடென்சி: பாஸ்டனில் 2003 முதல் நடக்கிறது. ஒரு பள்ளியாண்டு முழுக்க அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பிலேயே இருந்து பழகி, உதவித்தொகை வாங்கிக்கொண்டே முதுகலைப் படிப்பையும் படிக்கலாம். மற்றது அப்ரண்டிஸ் முறை: 2022 ஜனவரியில் டென்னசி மாநிலம் தொடங்கிவைத்தது. பள்ளியில் உதவியாளராகச் சம்பளம் வாங்கியபடியே பட்டமும் சான்றிதழும் பெறலாம்.

உதவித்தொகை எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். பயிற்சி முடிந்து எத்தனை ஆண்டு, எந்தப் பள்ளிகளில் வேலை செய்ய வேண்டும், பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் தட்டுப்பாட்டால் அவசர அனுமதி தந்து முதல் நாளே தனியாக வகுப்பில் நிறுத்தும் வேலையை, சம்பளம் அதிகமென்றாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பது பிள்ளைகளை அடக்கத் தெரியாமல் தவிப்பவருக்குப் பக்கத்தில் கைகொடுக்க ஆள் இல்லாவிட்டால், நல்ல டீச்சராக வரக்கூடியவரும் ஓரிரு ஆண்டில் விலகிவிடுவார்.

ஆசிரியராகப் படிப்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் 'டீச்' மானியம் ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கிடைக்கும். ஆனால் படிப்பு முடிந்த 8 ஆண்டுக்குள் 4 ஆண்டு, ஏழை மாணவர் நிறைந்த பள்ளியில், தட்டுப்பாடுள்ள பாடத்தை நடத்தியாக வேண்டும். தவறினால் மானியம் கடனாகிவிடும். வட்டியோ பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே கணக்காகும். வேலை பார்க்கும் ஒவ்வோர் ஆண்டும் சான்றுப் படிவம் அனுப்ப வேண்டும், மறக்கவே கூடாது.

மகளுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால் பொதுவாக இந்த மானியம் கிடைக்காது. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கானது) சம்பளப் பயிற்சியிலும் சேர முடியாது. ஆகவே விண்ணப்பத்துக்கு முன் விசாவைப் பாருங்கள். பிறகு, வழிகாட்டப்போகும் ஆசிரியரின் வகுப்பில் மகள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.