கார் வாயைத் திறந்து பேசினா என்ன சொல்லும்? பழைய கார் வாங்கப் போறவருக்கு ஒரு பதில்

திருச்சியிலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "2017 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒண்ணு பார்த்திருக்கேன், சென்னை ரெஜிஸ்ட்ரேஷன். மீட்டர்ல 42,000 கி.மீ. காட்டுது. சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கூட விழுந்ததில்லன்னு சொல்றாங்க. பார்க்க புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. இந்தக் கார் மட்டும் பேசுச்சுன்னா அதுகிட்டயே கதையைக் கேட்டுக்கலாமேன்னு தோணுது. நம்பி வாங்கலாமா?"

பேசும்ங்க. பழைய கார் செக் பண்றதுதான் என் தொழில், விக்கறவர் சொல்ற கதையும் கார் சொல்ற கதையும் ஒத்துப்போகுதான்னு பார்க்கறது தவிர இதுல வேற ரகசியம் ஒண்ணும் கிடையாது. பாலிஷ் போட்ட பானெட்டை பார்த்து மயங்கிடாதீங்க, அது அவங்க பேச வைச்சது. துடைக்கணும்னு யாருக்குமே தோணாத இடம்னு கொஞ்சம் இருக்கும், கார் தன் வாயால பேசறது அங்கதான்.

முதல்ல அந்த 42,000. இப்ப வர்ற டிஜிட்டல் மீட்டரை லேப்டாப் மாட்டி குறைச்சு வைக்கிற ஆளுங்க ஊருக்கு ஊர் இருக்காங்க, ஆனா கிளட்ச் பெடல் ரப்பரை யாரும் குறைக்க முடியாது. 42,000 ஓடின காருல அந்த ரப்பர் கோடுகள் நல்லா தெரியணும், மழமழன்னு தேஞ்சு கிடந்தா, ஸ்டியரிங்ல கை பிடிக்கிற இடமும் கியர் நாபும் வழவழன்னு மின்னினா, டிரைவர் சீட்ல ஏறி இறங்கற பக்கம் அமுங்கிப் போயிருந்தா அந்தக் கார் லட்சத்தைத் தாண்டி ஓடியிருக்கலாம். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசா இருந்தாலும் ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. அப்புறம் டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2317ன்னா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். ஸ்டெப்னியிலயும் அதைப் பாருங்க, காரோட வயசும் அதோட வயசும் பெரும்பாலும் ஒண்ணா இருக்கும். இதெல்லாத்தையும் விட பலமான சாட்சி கம்பெனி சர்வீஸ் சென்டர் ரெக்கார்டு. ஒவ்வொரு தடவை வண்டி உள்ள போகும்போதும் கி.மீ. எழுதி வைப்பாங்க. ஓனரையே கூட்டிட்டுப் போய் கேட்டு வாங்குங்க. 2021லயே 61,000ன்னு இருந்துச்சுன்னா அப்படியே வீட்டுக்கு வந்துடுங்க.

அடி படலங்கறாங்களே, அதை பானெட்டைத் திறந்து பாருங்க. ஃபெண்டரையும் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) பானெட் கீலையும் பிடிச்சிருக்கற போல்ட் தலைகள்ல பெயிண்ட் உடையாம இருக்கணும், ஸ்பேனர் பட்ட தடம் இருந்தா கழட்டியிருக்காங்க. கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் மூலையில ஒரு சின்ன முத்திரை இருக்கும், அதுல வருஷக் குறி வரும். முன் கண்ணாடி மட்டும் வேறயா இருந்தா கல் பட்டிருக்கலாம், விட்டுடுங்க, ஆனா ஒரே பக்கத்துல ரெண்டு கதவுக் கண்ணாடியும் வேற வருஷம்னா அந்தப் பக்கம் நல்லா அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம். அடி பட்ட காருன்னாலே ஒதுக்குங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். சென்னை டிராஃபிக்ல எட்டு வருஷம் ஓடின வண்டிக்கு பம்பரும் ஃபெண்டரும் மாத்தினது தப்பே இல்ல. பயப்பட வேண்டியது அப்ரான் (பானெட்டுக்குள்ள சக்கரத்தை ஒட்டின உள் தகடு), சேசி லெக் (முன்பக்கம் இஞ்சினைத் தாங்கற நீளச் சட்டம்), பில்லர் (கூரையைத் தாங்கற தூண்) இதுலயெல்லாம் வெல்டிங் நடந்திருந்தாதான். கம்பெனி வெல்டு வட்ட வட்டமா ஒரே இடைவெளியில இருக்கும், டிங்கரிங் பட்டறை வெல்டு அப்படி வராது. சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில நொடியில அணையணும், எரியவே இல்லன்னா ஏர்பேக் வெடிச்சு லைட்டை மட்டும் மறைச்சிருக்காங்களான்னு சந்தேகப்படணும்.

இன்சூரன்ஸ் பேப்பரும் கொஞ்சம் பேசும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேக்காததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி, முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் கிளெய்மே இல்லன்னா 50 ஆகும். ஒரு கீறல் கூட இல்லன்னு சொல்ற வண்டிக்கு 20தான் இருக்குன்னா நடுவுல ஏதோ நடந்திருக்கு. 50 இருக்கறதால சுத்தம்னும் சொல்லிட முடியாது, போனஸ் போயிடும்னு கைக்காசு போட்டு வேலை பார்க்கறவங்க நிறைய.

சென்னை வண்டிங்கறதால எனக்கு அடியை விட தண்ணிதான் பயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எத்தனை கார் மூழ்கிக் கிடந்துச்சுன்னு நாம எல்லாரும் பார்த்தோம். அடுத்த வருஷம் ஒரு டீசல் செடானை பார்க்கக் கூப்பிட்டாங்க, உள்ள உட்கார முடியல, அவ்வளவு சென்ட் வாசம். வெளியில ஒரு குறை இல்ல. டிரைவர் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தேன், வழக்கமா வெளிய வராத அந்தக் கடைசி ஒரு அடியில டீக்கறை மாதிரி நேர்கோடா ஒரு தடம், தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. விக்கறவர் முகம் செத்துப்போச்சு, அவரே ஆறு மாசம் முன்னாடி ஒரு புரோக்கர்கிட்ட ஏமாந்து வாங்கினவர், பாவம். அந்த மாதிரி வண்டி இன்னிக்கு நல்லா ஓடும், வயரிங் கனெக்டர்ல பச்சை பூத்து ஒண்ணரை வருஷம் கழிச்சு நடு ராத்திரி ஹைவேல குடும்பத்தோட நிக்க வைக்கும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். சீட் பெல்ட்டை இழுங்க, சீட்டுக்கு அடியில அது முன்ன பின்ன நகர்ற தண்டவாளத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிங்க, டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தக் குழியில வண்டல் இருக்கான்னு விரலை விட்டுத் தடவுங்க, கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்க.

பார்க்கப் போறது காலையில இருக்கட்டும், "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு விக்கறவர்கிட்ட சொல்லிடுங்க, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்கறாங்க. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் டக டக சத்தமும் சைலன்சர்ல நீலப் புகையும் வெளிய வரும், நீலம்னா ஆயில் எரியுது. ஓட்டிப் பார்க்கும்போது பாட்டு வேண்டாம், ஏசியும் முதல் பத்து நிமிஷம் வேண்டாம்.

எல்லாம் சரியா இருந்தா ஆர்.சி.யில எத்தனாவது ஓனர், பேங்க் கடன் இருக்கா, ஃபைன் பாக்கி இருக்கான்னு அரசாங்கத்தோட பரிவாஹன் வெப்சைட்ல பார்த்துடுங்க. கடன் இருந்தா பேங்க் தர்ற என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லங்கற கடிதம்) ஆர்.சி.யில கடனை நீக்கற ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழுப்பணம் கொடுக்காதீங்க. பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல அவர் கையெழுத்து வாங்கி உடனே பேர் மாத்துங்க, பதினாலு நாளுக்குள்ள இன்சூரன்ஸும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். அவரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்லுவாங்க, அதையும் விலை பேசும்போதே கணக்குல வச்சுக்கங்க.