எல்ஐசி தலைமையில் அரசியல் தலையீடு என்கிறார்களே, பாலிசியைப் பாதியிலேயே சரண்டர் செய்து பணத்தை எடுத்துவிடலாமா?

வேண்டாம். இன்னும் சில வருடம் பிரீமியம் பாக்கி உள்ள பாலிசி என்று நினைத்துச் சொல்கிறேன். நான் எல்ஐசி ஏஜென்ட். கமிஷனுக்காகப் பேசுகிறான் என்று எழுத ஆள் வருவார்கள், எழுதட்டும். பழைய பாலிசியில் எனக்கு வருவது சொற்பம்.

2023 பிப்ரவரியில், அதானி குழுமம் மோசடி செய்கிறது என்று குற்றம்சாட்டிய அமெரிக்க நிறுவனமான ஹிண்டன்பர்க்கின் அறிக்கைக்குப் பிறகு அதானி பங்குகள் சரிந்துகொண்டிருந்தபோது, ரிட்டயர் ஆன கண்டக்டர் ஒருவர் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் கவரில் பாண்டு, கேன்சல் செய்த செக், ரெவின்யூ ஸ்டாம்ப் எல்லாம் தயார். "தம்பி, எல்லாம் போச்சுன்னு டிவியில சொல்றாங்க, பேத்தி படிப்புக்கு வெச்சிருக்கேன், எடுத்துக் குடுத்துரு" என்றார். அன்றைக்கு சரண்டர் செய்தால் எவ்வளவு, முதிர்வு வரை இருந்தால் போனஸோடு எவ்வளவு என்று தாளில் போட்டுக் காட்டினேன். எல்ஐசி சட்டத்தின் 37வது பிரிவையும் சொன்னேன்: காப்புத் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசே உத்தரவாதம். அதானி குழுமத்தில் போட்டிருந்ததும் மொத்த முதலீட்டில் ஒரு சதவீதத்துக்குக் கீழேதான்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார், "சரி தம்பி, எங்க காசை எங்க போடறதுன்னு யார் முடிவு பண்றாங்க?"

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எல்ஐசி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டார்கள், முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே. நாடாளுமன்றத்தில் அதைக் கிளப்பியவர் ஆளுங்கட்சி எம்.பி.யான பெரோஸ் காந்தி, நேருவின் மருமகன். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவின் கமிஷன் ஜனங்கள் முன்னால் பகிரங்கமாக விசாரித்தது. நிதியமைச்சராக இருந்த நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார்.

இன்றைக்கும் 96.5 சதவீதப் பங்கு அரசிடம்தான், தலைமை அதிகாரியை நியமிப்பதும் மத்திய அரசுதான். 2025 மே மாதம் அதானி போர்ட்ஸின் 5,000 கோடி ரூபாய் கடன் பத்திரத்தை எல்ஐசி ஒன்றே முழுசாக வாங்கியது. அக்டோபரில், அதானி குழுமத்துக்கு எல்ஐசி பணத்தைத் திருப்பிவிட மத்திய அரசு அதிகாரிகளே திட்டம் போட்டதாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பொய், ஆதாரமில்லாதது என்று எல்ஐசி மறுத்தது. மறுப்பு சரியாகவே இருக்கலாம், நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. ஆனால் 1958ல் நடந்தது போல வெளிப்படையாக ஒரு விசாரணை வைத்துச் சொன்னால் என்னைப் போல வாசல் வாசலாகப் போய் பாலிசி பிடிப்பவன் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

இன்னொரு வயிற்றெரிச்சல். தனியார் வங்கி ஒன்றில் என் அத்தையிடம் டெபாசிட் என்று சொல்லி இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வருடம் பிரீமியம் கேட்டு மெசேஜ் வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இதைப் பற்றி எந்த டிவியிலும் விவாதம் கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பண நெருக்கடி என்றால் பாலிசி மேல் கடன் கிடைக்குமா என்று பாருங்கள். அதற்கு மேலும் மனசு கேட்கவில்லை என்றால் கிளைக்கு நேரில் போய் இன்றைய சரண்டர் மதிப்பைக் கேட்டு, இதுவரை கட்டியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.