காய்ச்சல் மாத்திரையோடு சளி மாத்திரையும் போடலாமா?

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் போடாதீர்கள். காய்ச்சல் மாத்திரையில் இருக்கும் பாராசிட்டமால் பல சளி மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். பெயர் இரண்டு, மருந்து ஒன்றே. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் உச்சவரம்பு 4,000 மி.கி., அதாவது 650 மி.கி. மாத்திரை என்றால் அதிகபட்சம் ஆறு. தினமும் குடிப்பவர்கள், உடல் மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு.

கல்லீரல் இந்த மருந்தைச் சிதைக்கும்போது கொஞ்சம் நச்சும் உண்டாகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டி மாதிரிதான்: தண்ணீர் அளவாக விழுந்தால் வடியும், குழாயை முழுக்கத் திறந்தால் வழியும். குளூட்டாதயோன் இருப்பு தீர்ந்ததும் நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. அளவுக்கு மீறி மாத்திரை போட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

‘அதிகமாகப் போட்டும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது தப்புக்கணக்கு; முதல் நாளில் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது.