ரேசர் வி3 வைத்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

மோட்டோரோலா ரேசர் வி3. 2004-ல் வெளிவந்த ஃபிளிப் போன். மூடியிருக்கும்போது 13.9 மில்லிமீட்டர் தடிமன், 95 கிராம் எடை. நான் 2006-லிருந்து ஒன்று வைத்திருக்கிறேன், இன்றைக்கும் அதில்தான் பேசுகிறேன். பதினோரு வருடம் செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து இந்த மாடலைப் பல முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். இதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

புதுக்கோட்டை வாசகர்: பத்து வருடமாக அலமாரியில் கிடந்தது. சார்ஜர் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லை. போன் செத்துவிட்டதா?

போன் செத்திருக்க வாய்ப்பு குறைவு, பேட்டரிதான் செத்திருக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் படுக்க வைத்து விரலால் ஒரு சுற்று சுற்றுங்கள். நல்ல பேட்டரி தரையோடு ஒட்டிக்கொண்டு உடனே நின்றுவிடும். வயிறு உப்பியது பம்பரம் மாதிரி சுற்றும். சுற்றினால் அதை மறுபடி போனுக்குள் வைக்காதீர்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மின் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

உப்பவில்லை என்றாலும் பத்து வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்த லித்தியம் பேட்டரியை நம்ப முடியாது. வோல்டேஜ் ரொம்பக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். கடையில் "பூஸ்ட் பண்ணித் தருகிறேன்" என்பார்கள். இந்த நிலையில் இருக்கும் பேட்டரிக்கு அது வேண்டவே வேண்டாம்.

புதிதாக வாங்கும்போது பிஆர்50 என்று கேளுங்கள், இந்தப் போனின் பேட்டரி மாடல் அது. ஒரிஜினலில் சுமார் 700 எம்ஏஎச்தான் இருக்கும். அதே அளவு பேட்டரியில் 1500 என்று அச்சடித்திருந்தால் அது பொய், வாங்காதீர்கள். போடும் முன் போனுக்குள் இருக்கும் பித்தளை நிறக் காண்டாக்ட்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். இத்தனை வருடத்தில் அதில் கறை படிந்திருக்கும். பாதி போன்கள் இதற்கே எழுந்துவிடுகின்றன.

ஈரோடு: எந்த சார்ஜர் போட வேண்டும்? கம்ப்யூட்டரில் செருகினால் சார்ஜ் ஆகவில்லை என்று காட்டுகிறது.

இதில் இருப்பது மினி யுஎஸ்பி. மைக்ரோவும் டைப் சியும் சேராது. செருகும் இடத்தில் ஐந்து பின் இருக்கும். அதில் நான்காவது பின்னைப் பார்த்துத்தான், வந்திருப்பது சுவர் சார்ஜரா கம்ப்யூட்டரா என்று போன் முடிவு செய்கிறது. இதற்கென்று வந்த சார்ஜருக்குள் அந்தப் பின்னில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். டிரைவர் சாஃப்ட்வேர் போடாத கம்ப்யூட்டரில் செருகினால் போன் கரன்ட் எடுக்காமல் நின்றுவிடும். பழுது இல்லை, அதன் வேலையே அப்படி. மோட்டோரோலாவின் பழைய மினி யுஎஸ்பி சார்ஜர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். இன்றும் கிடைக்கிறது.

திண்டுக்கல்: ஜியோ சிம் போட்டால் சிக்னல் வரவில்லை.

வராது. ஜியோவில் 2ஜி கிடையாது, இது 2ஜி போன். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம்களில் உங்கள் பகுதியில் 2ஜி இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று. நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் போடுகிறவர்கள் கவனியுங்கள். சிம் இல்லாத வெறும் அடாப்டரை ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள். நடுவில் இருக்கும் ஓட்டையில் சிம் பின் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் பின் நிமிர்ந்து உடையும். கடையில் நான் பார்த்த சிம் சாக்கெட் பழுதுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். சிம் கம்பெனி கடையில் பெரிய அளவு சிம் கேட்டு வாங்குவது உத்தமம்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி: இங்கே பயன்படுத்த வழி உண்டா அண்ணே?

இல்லை தம்பி. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வரும்போது எடுத்து வாருங்கள், இங்கே பேசும். அதுவரை பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வைத்திருங்கள்.

திருநெல்வேலி: ரிங் அடிக்கிறது. திறந்தால் திரை வெள்ளையாக இருக்கிறது, பேச்சும் கேட்பதில்லை. கொஞ்சம் மடக்கினால் சரியாகிறது.

நல்ல கேள்வி. அறிகுறியைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மேல் மூடிக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில், கீல் வழியாக ஒரு மெல்லிய ஸ்டிரிப் போகிறது. திரைக்கும் காதில் வைக்கும் ஸ்பீக்கருக்கும் அதுதான் வழி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது வளைகிறது. ஒரு நாளைக்கு முப்பது முறை திறந்தால் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். எந்தக் கோணத்தில் திரை போகிறது என்று மெதுவாகத் திறந்து பாருங்கள். எப்போதும் ஒரே கோணத்தில் போனால் ஸ்டிரிப் கிழிய ஆரம்பித்துவிட்டது. எல்லாக் கோணத்திலும் வெள்ளை என்றால் கனெக்டர் விட்டிருக்கலாம், செலவு குறையும்.

ஸ்டிரிப் மாற்றலாம். ஆனால் கீலைப் பிரித்து மாட்டத் தெரிந்த கையாக இருக்க வேண்டும். மேல் மூடியை இழுத்துப் பிரிக்கிறவரிடம் கொடுத்தால் திரையும் போய்விடும். "இந்த மாடல் பிரித்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: கட்டை விரலால் சுண்டித் திறக்காதீர்கள், பேசி முடித்ததும் படாரென்று மூடாதீர்கள். இரண்டு கையால் திறந்து மூடுங்கள். என் ஸ்டிரிப்பை இதுவரை ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன்.

விழுப்புரம்: வாட்ஸ்அப் வருமா? பணம் அனுப்ப முடியுமா?

வாட்ஸ்அப் வராது. பணம் அனுப்பலாம். இன்டர்நெட் இல்லாத போன்களுக்காக 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது. அதில் போன் செய்தே பணம் அனுப்ப முடியும். *99# போட்டும் செய்யலாம். எண் உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். வங்கி ஓடிபியும் எஸ்எம்எஸ்ஸாக வந்துவிடும். தமிழில் வரும் எஸ்எம்எஸ் மட்டும் என் போனில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

கடலூர்: டைப் சி சார்ஜர் போடலாமா?

ஈரோடு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரை: பெயின்ட் உரிந்து பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது பாடி (வெளிக்கூடு) கிடைக்கிறதாம். மாற்றிவிடவா?

வேண்டாம். இந்தப் போன் இவ்வளவு ஒல்லியாக வந்ததே உள்ளே ஒவ்வொன்றையும் இடம் மாற்றி வைத்ததால்தான். பேட்டரியைச் சர்க்யூட் போர்டுக்கு அடியில் வைக்காமல் பக்கத்தில் வைத்தார்கள். ஆன்டெனாவைக் கீழே, வாய்க்கு நேராக வரும் தாடைப் பகுதிக்குள் வைத்தார்கள். அதனால்தான் உடம்பெல்லாம் உலோகமாக இருந்தும் தாடை மட்டும் பிளாஸ்டிக். நகல் பாடியில் அந்தத் தாடைக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. உலோகத் தூள் கலந்த பெயின்ட் என்றால் சிக்னல் குறையும். கீல் உட்காரும் இடம் அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் ஸ்டிரிப் உரசும்.

சேலம்: நான் மூன்று போனுக்குப் பாடி மாற்றியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

மாற்றி எத்தனை மாதம் ஆகிறது சார்? தினமும் அதில் பேசுகிறீர்களா, அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? மூடிய நிலையில் கீல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் மாற்றியவர் கைராசிக்காரர்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் அக்கா: என் போனில் சாவிக்கொத்து உரசிய கீறல் மேலிருந்து கீழ்வரை இருக்கிறது. பையன் சின்ன வயசில் போட்டது. அதை மாற்றச் சொன்னால் அழுதுவிடுவேன்.

அக்கா, நீங்கள் சொன்னதுதான் என் மனசிலும் இருக்கிறது. என் போனில் 5 என்ற பட்டனைச் சுற்றிப் பூச்சு தேய்ந்து வெளுத்திருக்கிறது. அந்தக் கீபேட் ஒரே உலோகத் தகட்டில் அரித்து எடுத்தது. நீல விளக்கு எரியும்போது எழுத்துகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். நகல் கீபேடில் அது மங்கலாக, திட்டுத் திட்டாகத்தான் வரும்.

சேலம், மறுபடி: கையில் வைத்திருப்பவனுக்குப் பிடிக்க வேண்டாமா? தேய்ந்த போனை எடுத்தால் ஆபீசில் சிரிக்கிறார்கள்.

பிடிக்கத்தான் வேண்டும். அதில் சண்டை இல்லை. ஒரிஜினல் பாடி உடைந்து, கூர்மையாகக் கையைக் கிழிக்கிறது என்றால் நானே மாற்றச் சொல்வேன். போர்டு செத்த இன்னொரு வி3-யை வாங்கி, அதன் பாடியை எடுத்துப் போடுங்கள். கீல் சரியாக உட்காரும்.

ஆனால் பாடி மாற்றிய போனை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். பேட்டரிக்குக் கீழே ஐஎம்இஐ, அதாவது போனின் தனி அடையாள எண், அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். *#06# அடித்தால் திரையில் வரும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடி மாறினால் ஒத்துப்போகாது. வாங்கியவர் திருட்டு போனோ என்று பயப்படுவார். அப்படிப் பயந்து நடுங்கியபடி கடைக்கு வந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். ஆசையாகப் பேரனுக்கு வாங்கியது. சொல்லாமல் விற்பது தப்பு.

மதுரைக்காரர் என்ன முடிவு செய்தார் என்று தெரியவில்லை. உரிந்த இடத்தில் அழுக்கு சேராமல் உலர்ந்த துணியால் துடைத்து வாருங்கள், போதும்.

கரூர்: ஜியோ சிம்...

வராது. மேலே இருக்கிறது.

தாம்பரம்: என்னிடம் இருப்பதற்கு இன்று என்ன விலை கிடைக்கும்?

விலை நான் சொல்வதில்லை. இதே கேள்வி கேட்ட மற்ற நால்வருக்கும் இதுதான் பதில்.

வேலூர்: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரேசரில் சிம் போடும் இடமே இல்லை. எங்கே இருக்கிறது?

இல்லாததைத் தேடாதீர்கள். அது வி3சி அல்லது வி3எம் ஆக இருக்கும், சிடிஎம்ஏ என்ற வேறு நெட்வொர்க் வகை. சிம் கிடையாது, இங்கே பேசவும் முடியாது. வாங்கும் முன் பேட்டரியைக் கழற்றி சிம் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தேனி: பேசும்போது சிக்னல் அறுகிறது. சாம்சங் ஃபிளிப் வைத்திருந்தேன், அதில் இப்படி இல்லை.

தாடையைப் பொத்திப் பிடிக்கிறீர்களா பாருங்கள். ஆன்டெனா அங்கேதான். கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடியுங்கள். சாம்சங் பற்றி அதைப் பிரித்தவரிடம் கேளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், கும்பகோணம்: அப்பா 2019-ல் தவறினார். அவருடைய வி3 இப்போதுதான் பெட்டியில் கிடைத்தது. அதில் படங்களும், அவர் பதிவு செய்த குரலும் இருக்கும் என்று அம்மா சொல்கிறார். லாக் கேட்கிறது. கடையில் ரீசெட் செய்யச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து ரீசெட் செய்ய விடாதீர்கள். இந்தப் போனில் ரீசெட் இரண்டு வகை இருக்கிறது. மாஸ்டர் ரீசெட் செட்டிங்கை மட்டும் பழையபடி ஆக்கும். மாஸ்டர் கிளியர் உள்ளே சேமித்ததை அழித்துவிடும். அவசரத்தில் கடைக்காரர் எதை அழுத்துவார் என்று சொல்ல முடியாது.

முதலில் 1234 போட்டுப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அன்லாக் கோட் அதுதான், நிறையப் பேர் மாற்றுவதே இல்லை. அடுத்து அப்பாவின் செல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அவர் பிறந்த வருடம், வண்டி எண். செக்யூரிட்டி கோட் என்று ஆறு இலக்கம் கேட்டால் 000000.

திறந்ததும் படங்களை ஒவ்வொன்றாகப் புளூடூத்தில் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்புங்கள். ஐபோன் வாங்கிக்கொள்ளாது. போனின் மொத்த நினைவகமே 5.5 எம்பிதான், படங்கள் அதிகம் இருக்காது. 640-க்கு 480 அளவில் சின்னதாக இருக்கும். எதையும் விட்டுவிடாதீர்கள். அவர் அனுப்பிய எஸ்எம்எஸ்களைத் திரையோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குரல் பதிவை அனுப்பப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ராத்திரி, ஃபேனை நிறுத்திவிட்டு, வி3-யின் சிம்மைக் கழற்றிவிட்டு, அதில் பதிவை ஓடவிட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். அந்த இன்னொரு போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் கெட்டுவிடும். இரண்டு மூன்று முறை எடுங்கள்.

பேட்டரி நல்லதாகக் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அனுப்புகிறேன், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.