கல்லீரலில் கட்டி இருக்க, மார்பகப் புற்றுநோய் மருந்து ஏன்?

வணக்கம் சகோதரி. மார்பகப் புற்றுநோய் உள்ள அம்மாவுக்கு இப்போது கல்லீரலிலும் கட்டி என்று ஸ்கேன் காட்டுகிறது, டாக்டரோ மார்பகப் புற்றுநோய் மருந்தே தருகிறார், ஏதும் தவறோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், வழக்கமான முறை அதுதான்.

சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு வீடு மாறினால் முகவரி மாறும், ஐசி எண் (அடையாள அட்டை எண்) மாறாது. புற்றுநோய் செல்லும் அப்படித்தான். மார்பகத்தில் தொடங்கிய கட்டியிலிருந்து சில செல்கள் பிரிந்து, ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிடுகின்றன. பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். தப்பிய மிகச் சில கல்லீரலில் தங்கிப் பெருகினாலும், அவை கல்லீரல் செல்களாக மாறுவதில்லை. மார்பகச் செல்லின் அடையாளங்களையே சுமக்கின்றன. அதில் முக்கியமானவை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற ஏற்பிப் புரதம். பல மருந்துகள் குறிவைப்பது இவற்றைத்தான், கட்டி இருக்கும் இடத்தை அல்ல.

ஆனால் பரவிய பிறகு இந்த அடையாளங்கள் சிலருக்கு மாறுவதும் உண்டு. அதனால் அடுத்த முறை போகும்போது, "கல்லீரல் கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்தீர்களா, ஏற்பிகள் முன்பு போலவே இருக்கின்றனவா?" என்று அவசியம் கேளுங்கள். அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால், மொழிபெயர்க்க ஆள் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், அத்தை தரச் சொன்ன கல்லீரல் கஷாயம். தயவுசெய்து டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். பல மருந்துகளை உடலில் சிதைப்பது கல்லீரல்தான். சில மூலிகைகள் அந்த வேலையில் குறுக்கிடும்.